தாத்தாவின் மோரிஸ் மைனரை ஹாட் ராட் ஆக்கலாமா?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான். தோட்டத்தில் கிராணியாராக இருந்து காலமான அவருடைய மாமனாரின் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பத்து வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. தானும் தன் தம்பியும், 14 வயது மகளும் 11 வயது மகனுமாகச் சேர்ந்து அதை அமெரிக்க ஹாட் ராட் போல, அதாவது எடை குறைத்து எஞ்சினை முறுக்கேற்றிய வேக வண்டியாக, மாற்ற ஆசைப்படுகிறார்கள். எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சின் ஏற்ற முடியுமா, எங்கிருந்து தொடங்குவது, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே அனுமதிக்குமா, பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்கிறார். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு மைனர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிக்கப்பட்டும் பூட்டப்பட்டும் வருகிறது என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

செய்யலாம். ஆனால் பிரித்துப் போட்டுவிட்டுப் பிறகு யோசிப்போம் என்று தொடங்கினால் முடியாது. குடும்பமாகச் செய்கிற வண்டிக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு என்று நான் நினைக்கிறேன்: ஒவ்வொரு கட்ட மாற்றத்துக்குப் பிறகும் அது மறுபடி சாலையில் ஓட வேண்டும். முழுவதும் பிரித்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பூட்டுவது என்று இறங்கியவர்களில் பெரும்பாலோருடைய வண்டிகள் நம் ஊர்களில் பழைய இரும்பாகத்தான் விலைபோயின. இரண்டு வருடம் சாமான்கள் பெட்டியில் கிடந்தால் பெரியவர்களுக்கு அலுத்துவிடும். பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஹாட் ராட் என்ற பழக்கம் பிறந்த கதையும் இதற்குத் துணை நிற்கிறது. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் கையில் காசில்லாத இளைஞர்கள், ஊரில் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளை வாங்கி, மட்கார்டையும் கூரையையும் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைக் கைவேலையால் முறுக்கேற்றி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் தயாரானதால் அது எங்கும் கிடைத்தது. இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937இல் தெற்குக் கலிஃபோர்னிய டைமிங் சங்கம் அமைந்தது. 1932இல் ஃபோர்டு வெளியிட்ட, 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 எஞ்சின், சில ஆண்டுகளில் பழைய வண்டிக் கடைகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. ஆக, அவர்கள் தேடிப் போய் விலையுயர்ந்த வண்டி வாங்கவில்லை. வார நாளில் வேலைக்கு ஓட்டிப் போன அதே வண்டியைத்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் கொண்டு போனார்கள். அவர்களுக்கு மாடல் ஏ எப்படியோ, நமக்கு மோரிஸ் மைனரும் டட்சன் 120ஒய்யும் அப்படி. கிராணியார் வீட்டு மைனரை விட்டுவிட்டு அமெரிக்க ஃபோர்டின் நகலை இறக்குமதி செய்ய நினைப்பவர்களை எனக்குப் புரிவதில்லை.

ஆனால் அமெரிக்க வழியை அப்படியே பின்பற்ற முடியாத இடம் ஒன்று இருக்கிறது. பழைய ஃபோர்டில் ஏணி போன்ற சட்டம் தனியாகவும் அதன்மேல் உடல் தனியாகவும் இருக்கும். உடலை வெட்டினாலும் குறைத்தாலும் சட்டம் தாங்கிக்கொள்ளும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த மைனருக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை; தகர உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியைப் பட்டறையில் சில் என்பார்கள். அதுவும் தரைக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டமும்தான் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் அப்பா, 1958ஆம் ஆண்டு மைனர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 1989இல் நானும் என் தம்பியும் அதன் துருப்பிடித்த சில் இரண்டையும் ஒரே நாளில் கிரைண்டரால் வெட்டி எடுத்தோம். கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை கதவைச் சாத்தப் பார்த்தால் சாத்தவில்லை. நடுவில் வண்டி ஒரு விரல்கடை தொய்ந்திருந்தது. அப்பா வெளியே வந்து, கதவின் பூட்டு நாக்கையும் அது போய் உட்கார வேண்டிய குழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த வண்டி நான்கு வருடம் கான்வாஸ் துணிக்கு அடியில் கிடந்தது. ஆகவே சில்லை ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொட வேண்டும். அதற்கு முன் வண்டியைச் சமமாக நிறுத்தி, கதவுச் சட்டத்துக்குள் குழாயை வெல்டிங் வைத்து இறுக்கிவிட வேண்டும். கூரையை வெட்டித் தாழ்த்தும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இந்த உடலில் அதை ஒழுங்காகச் செய்ய நல்ல தகர வேலைக்காரரும் நிறையப் பணமும் வேண்டும், பிள்ளைகளுக்கு அதில் ஒரு வேலையும் இருக்காது.

கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பின் ஸ்பிரிங் பட்டைகள் உடலோடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், முன் மட்கார்டின் உட்பகுதி ஆகியவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். பட்டியும் சாயமும் பூசி மறைத்த இடம் மொத்தென்று கேட்கும். இதை உங்கள் மகனிடம் சாக்குக்கட்டியோடு ஒப்படையுங்கள். அவன் வட்டம் போட்டுக் காட்டுகிற இடங்கள்தான் தகர வேலைக்கான பட்டியல்.

இனி அந்த வி8. 350 கன அங்குல ஷெவர்லே எஞ்சின் ஏறத்தாழ 5,700 சிசி. தீபகற்ப மலேசியாவில் 3,000 சிசிக்கு மேற்பட்ட தனியார் சலூன் காருக்குச் சாலை வரி 2,130 ரிங்கிட்டில் தொடங்கி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட் கூடும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 14,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. உங்களுடைய 1,098 சிசி எஞ்சினுக்கு இப்போதைய வரி 55 ரிங்கிட். வரி ஒருபுறம் இருக்க, அந்த எஞ்சினின் எடை மைனர் எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முன் சஸ்பென்ஷன், கியர் பெட்டி, பின் அச்சு, பிரேக் எல்லாவற்றையும் மாற்றினால்தான் அதைத் தாங்கும். அவ்வளவும் மாற்றிய பிறகு அதை மாமனாருடைய வண்டி என்று சொல்ல நம்பர் பிளேட் மட்டும்தான் மிஞ்சும்.

எஞ்சினை மாற்றியே ஆக வேண்டும் என்றால் டட்சன் 120ஒய்யில் வந்த ஏ12 எஞ்சினைப் பாருங்கள். 1,171 சிசி என்பதால் அதே 55 ரிங்கிட் வரிதான். எடை குறைவு, பின்சக்கர ஓட்டத்துக்கான நீளவாக்கு அமைப்பு, சாமான் இன்றும் கிடைக்கிறது. இன்னும் கொஞ்சம் முறுக்கு வேண்டுமென்றால் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போன நிசான் வேனெட் வேன்களில் இருந்த ஏ15 எஞ்சின், 1,488 சிசி. வரி 90 ரிங்கிட். புரோட்டோன் சாகா எஞ்சின் தெருவுக்குத் தெரு கிடைத்தாலும் அது குறுக்குவாக்கில் உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுவதற்காகச் செய்த அமைப்பு. மைனருக்குள் அதைத் திருப்பி வைக்கும் தலைவலி உங்களுக்கு வேண்டாம். எதுவானாலும் எஞ்சின் மூன்றாவது வருடத்து வேலை. 48 குதிரைத்திறன் கொண்ட மூல எஞ்சினோடு முதல் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டியின் எந்த இடம் பலவீனம் என்பது தெரியவரும்.

முதல் வருடத்துக்கு உரியது நிறுத்துவதும் திருப்புவதும். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, உடலோடு சேர்ந்த நீளச் சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். கண்ணில் படாததால் யாரும் அதில் எண்ணெய் பார்ப்பதில்லை. மேலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும், கைப்பிரேக் ஒன்றுதான் மிஞ்சும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கெந்திங் மலையிலிருந்து டிரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். எண்ணெய் கொதித்துக் குழாய்க்குள் ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. நம் ஊர் ஈரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. ஹாட் ராட் என்ற பெயருக்கு ஏற்ற வேகம் வேண்டுமென்றால் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும், இரண்டு வழி மாஸ்டர் சிலிண்டரும் எஞ்சினுக்கு முன்பே வந்துவிட வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றால் ஊதாமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

திருப்பும் பக்கத்தில் இன்னொரு பலவீனம் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே டிரன்னியன் எனப்படும் ஒரு மறைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மறை உரசுகிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்றாவிட்டால் மறை தேய்ந்து, ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பும்போதே தண்டு கழன்று, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதே இது நடப்பது ஓட்டுபவரின் நல்ல காலம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்து, ஆட்டம் தெரிந்தால் இரண்டு பக்கமும் புதிதாக மாற்றுங்கள். வண்டியைத் தாழ்த்துவது இதற்குப் பிறகுதான். முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டின் பற்களை நகர்த்தியும், பின்பக்கம் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இடையில் கட்டை வைத்தும் தாழ்த்தலாம். ஸ்பிரிங்கை வெட்டவே தேவையில்லை. தாமான் குடியிருப்புகளில் இருபது அடிக்கு ஒரு மேடு போட்டு வைத்திருக்கிற நாட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் தாழ்த்துவது சைலன்சருக்குச் செய்யும் துரோகம். டார்ஷன் பார் முறுக்கிய நிலையில் இருப்பது. அதைக் கழற்றும் அன்று பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

சாலைச் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டுமானம், பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் இங்கே பொருந்தும். சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தொடவே கூடாது. எஞ்சினை மாற்றினால் புதிய எண் கிராண்ட் எனப்படும் பதிவு ஆவணத்தில் ஏற வேண்டும். அதற்கு வாங்கிய ரசீது, வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து வந்ததென்றால் இறக்குமதித் தாள்கள், பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். ரசீது இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். மட்கார்டைக் கழற்றிச் சக்கரம் வெளியே தெரிய ஓட்டும் அமெரிக்கக் கோலம் இங்கே பரிசோதனையில் தேறாது. வேலை தொடங்கும் முன்பே, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு செபராங் ஜெயா ஜேபிஜே முகப்பில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு போனால் அதே கேள்விக்கு வேறு பதில் வரும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

பிள்ளைகளின் பங்குதான் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலையும் துணி நனைத்துத் தரும் வேலையும்தான். இரண்டாவது சனிக்கிழமையே அவர்கள் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். முடிவு எடுக்கிற வேலை ஒன்றை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

மகளுக்கு மின்கம்பி வேலையைக் கொடுங்கள். மைனரில் வண்டி முழுவதற்கும் இரண்டே ஃபியூஸ்தான். தலைவிளக்குக்கு அதுவும் கிடையாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கம்பியின் நிறமே அதன் வேலையைச் சொல்லிவிடும்: பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி திருப்பியதும் உயிர் பெறுவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸைக் கடந்து போவது, ஊதா சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாகப் போவது, நீலம் தலைவிளக்கு, சிவப்பு பக்கவிளக்கு, கறுப்பு உடலோடு சேரும் எர்த். பழைய நிறங்கள் அழுக்கேறி மங்கியிருந்தால் கம்பியை ஒரு அங்குலம் உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு சேர்ந்திருக்கும். இது இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டர் போடும் நாளில் அதைத் திருப்ப வேண்டும் என்பதை அவளே வரைபடத்தில் குறித்து வைக்கட்டும். 14 வயதில் வரைபடம் போடுகிறவள், 17 வயதில் கார் லைசன்ஸ் எடுக்கும்போது தான் கம்பி இழுத்த வண்டியிலேயே, புதிய ஓட்டுநருக்கான பி வில்லை ஒட்டி ஓட்டலாம்.

மகனுக்கு வால்வு இடைவெளி. எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினால் வால்வுகளை அமுக்கும் எட்டு ராக்கர்கள் வரிசையாகத் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒவ்வொன்றுக்கும் அடியில் 0.012 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். எதை எப்போது அளப்பது என்பதற்கு அப்பா எங்களுக்குச் சொன்ன கணக்கு, இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்பது. எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதை அள. ஆறாவது அமுங்கியிருந்தால் மூன்றாவதை அள. என் பேத்தி ஒன்பது வயதில் இதைச் செய்தாள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை எவ்வளவு இறுக்கமாக இழுக்க வேண்டும் என்று அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை. என் மனைவிதான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, எண்ணெய் வைத்த தலையில் சீப்பு இழுபடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு எட்டையும் அவள் ஒருத்தியே முடித்தாள். நான் பிறகு திருட்டுத்தனமாக அளந்து பார்த்ததில் ஒன்றுதான் கொஞ்சம் தளர்வாக இருந்தது, அதையும் நான் தொடவில்லை, மறுநாள் சத்தத்தைக் கேட்டு அவளே கண்டுபிடித்தாள்.

இருக்கை உறை தைப்பது, சாயம் தேய்ப்பது, சாமான்களைப் பெயர் எழுதி ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்து வைப்பது எல்லாம் வீட்டில் யாருக்குக் கை வருகிறதோ அவர்களுக்கு. வெல்டிங், பெட்ரோல் டாங்கி, ஜாக்கி ஆகிய மூன்றும் பெரியவர்களுக்கு மட்டும். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் வைத்து, கழற்றிய சக்கரத்தையும் பக்கத்தில் அடியில் தள்ளிவிட்டுத்தான் நாங்கள் படுப்போம். டாங்கி காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது. அதன் அருகில் வெல்டிங் வைப்பதென்றால் டாங்கியை முழுதாகக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

கால எல்லையைப் பற்றி. பட்டறைக்காரர்கள் வீடுகளில் ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அதையே வண்டிக்குக் கெடுவாக வைத்துவிட்டோம்: அன்று மாலை மைனர் தன் சொந்தச் சக்கரத்தில், சொந்த எஞ்சினில், எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டும். தீபாவளிக்குப் பிறகு அடுத்த பகுதியைப் பிரிக்கலாம். 1993இல் அந்த வண்டியைக் கான்வாஸுக்கு அடியிலிருந்து எடுத்ததிலிருந்து இந்த முறைதான். ஒரு வருடம் பிரேக், ஒரு வருடம் தகரம், ஒரு வருடம் கியர் பெட்டி. பிறகு முதலில் செய்த பிரேக்கே தரம் போதாமல் மறுபடி. மூன்று முறை சாயம் மாறியிருக்கிறது. ஒருமுறை ஆரஞ்சு வண்ணம் பூசியது என் தம்பியின் தீர்ப்பு, அதைப் பற்றி நாங்கள் இப்போது பேசுவதில்லை.

வருகிற சனிக்கிழமைக்கு உரிய வேலை இவ்வளவுதான். பத்து வருடம் நின்ற எஞ்சினுக்குப் பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பாதீர்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். டாங்கியில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி, துணியால் மூடி இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கத்தில் அதற்கென்று இருக்கும் துளை வழியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகி, உங்கள் பிள்ளைகளில் ஒருவரை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றினால் எண்ணெயை மாற்றிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். சுற்றவில்லை என்றால் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். மறுபடி எண்ணெய் ஊற்றி இன்னும் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.